ஸீலேடெக்கிலும் லுவாலேடெக்கிலும் தமிழ் நூலை அச்சுக்கோப்பது எப்படி

டொனால்டு நூத் 1970களின் இறுதியில் உருவாக்கிய டெக் அச்சுக்கோப்பு முறைமை, ஒரு பத்தி முழுவதையும் ஒருசேரக் கணக்கிட்டு வரிகளை முறிக்கும் திறனுக்காக இன்றும் மதிக்கப்படுகிறது. ஆயினும் அதன் எழுத்துருக் கோப்பு ஒவ்வொன்றும் 256 வடிவங்களை மட்டுமே கொள்ளும் என்ற வரையறை, தமிழில் எழுத விரும்பியவர்களை நெடுங்காலம் சுற்றுவழியில் அனுப்பியது. ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்துத் தட்டச்சிட்டு, அதை ஒரு முன்செயலியின் வழியே மாற்றி, அதற்கென வரையப்பட்ட தனி எழுத்துருவில் அச்சிட வேண்டியிருந்தது. 2004ஆம் ஆண்டில் ஜோனதன் கியூ வெளியிட்ட ஸீடெக், கணினியில் நிறுவப்பட்டுள்ள எந்த ஓப்பன்டைப் எழுத்துருவையும் நேரடியாகப் பயன்படுத்தவும், ஒருங்குறியில் உள்ள உரையை மாற்றமின்றி அப்படியே படிக்கவும் வழி செய்தது. அதன் பின் வளர்ந்த லுவாடெக்கும் இதே வசதிகளைத் தருகிறது. இவ்விரண்டின் மீதும் லேடெக் என்ற கட்டளைத்தொகுதியை ஏற்றி இயக்கும் வடிவங்களே ஸீலேடெக்கும் லுவாலேடெக்கும். டெக் மென்பொருள்களை ஒன்றாகத் திரட்டித் தரும் டெக்லைவ், மிக்டெக் ஆகிய இரு வழங்கல்களிலும் இவை உள்ளன. இவற்றைக் கொண்டு ஒரு தமிழ் நூலைப் பிழையின்றி அமைக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்துகளில், முன்னால் பின்சாய்கோட்டுடன் இட வேண்டும். எழுத்துருக்கள், தொகுப்புகள், விருப்பங்கள் ஆகியவற்றின் பெயர்களையும் ஆங்கில எழுத்துகளிலேயே இட வேண்டும்; அவற்றுக்குப் பின்சாய்கோடு வேண்டாம்.

தொடங்கும் முன் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வது பின்னால் பல மணிநேர உழைப்பை மிச்சப்படுத்தும். உங்கள் கோப்பில் இருப்பது உரை. எழுத்துருவில் இருப்பது வடிவங்கள். இரண்டுக்கும் நடுவில், எந்த உரைக்கு எந்த வடிவத்தை எந்த இடத்தில் வைப்பது என்று முடிவு செய்யும் வடிவமைப்பு நிரல் ஒன்று இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். கோப்பில் ககரத்தைச் சுட்டும் குறியும் அதைத் தொடர்ந்து ஒகரத்தின் உயிர்க்குறியும் பதிவாகின்றன. தாளிலோ ஒற்றைக்கொம்பு முதலிலும், ககரம் நடுவிலும், துணைக்கால் இறுதியிலும் வருகின்றன. இந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் நிரல். ஸீடெக் 2013 முதல் இதையே பயன்படுத்துகிறது. தாளில் ஏதேனும் கோளாறு தென்பட்டால், அது உரையில் உள்ளதா, எழுத்துருவில் உள்ளதா, நடுவிலுள்ள வடிவமைப்பில் உள்ளதா என்று முதலில் கேளுங்கள். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்துச் சலிப்பவர்களில் பலரது சிக்கல் உண்மையில் உரையில்தான் இருக்கிறது.

ஸீலேடெக்கா, லுவாலேடெக்கா என்ற கேள்விக்கு என் விடை இது: தமிழும் சிறிதளவு ஆங்கிலமும் கலந்த நூலுக்கு ஸீலேடெக் போதும், வேகமாகவும் இயங்கும். பல வரிவடிவங்கள் வரிக்கு வரி கலந்து வரும் நூலுக்கு லுவாலேடெக் ஏற்றது. டெக்லைவ் 2020 முதல் லுவாலேடெக் ஹார்ஃப்பஸ் இணைக்கப்பட்ட வடிவில் வருகிறது. ஆனால் எழுத்துருவை அறிவிக்கும்போது ‘ரெண்டரர்’ என்ற விருப்பத்துக்கு ‘ஹார்ஃப்பஸ்’ என்ற மதிப்பை நீங்களே கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காவிட்டால் லுவா என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட பழைய வடிவமைப்பு முறை இயங்கும். தமிழுக்கு அதை நம்பிப் பெரிய நூலைத் தொடங்க வேண்டாம். ஓவர்லீஃப் போன்ற இணையத் தொகுப்பான்களில் அமைப்புகளுக்குச் சென்று இயக்கியை, அதாவது கோப்பைத் தொகுக்கும் நிரலை, மாற்றிக்கொள்ளலாம். மாற்ற மறந்தால் பழைய இயக்கியான பிடிஎஃப்டெக் இயங்கி, இந்த ஒருங்குறி எழுத்து அமைக்கப்படவில்லை என்ற பிழைச்செய்தியை ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் காட்டும்.

பழைய வார்ப்புருக்களிலிருந்து நகலெடுத்த முகப்பில், அதாவது கோப்பின் தொடக்கத்தில் அமைப்புகளை அறிவிக்கும் பகுதியில், ‘இன்புட்என்க்’, ‘ஃபான்ட்என்க்’ என்ற இரு தொகுப்புகள் (லேடெக்கின் துணைக் கோப்புகள்) இருந்தால் இரண்டையும் நீக்கிவிடுங்கள். இவ்வியக்கிகள் யுடிஎஃப்-8 உரையை இயல்பாகவே படிப்பதால் அவற்றுக்கு இங்கே வேலையில்லை. அவற்றின் இடத்தில் வில் ராபர்ட்சன் எழுதிய ‘ஃபான்ட்ஸ்பெக்’ தொகுப்பை அழைத்து, ‘செட்மெயின்ஃபான்ட்’ கட்டளையின் வழியாக முதன்மை எழுத்துருவை அறிவியுங்கள். அக்கட்டளையின் விருப்பப் பகுதியில் ‘ஸ்கிரிப்ட்’ என்பதற்குத் ‘தமிழ்’ என்ற மதிப்பைக் கொடுப்பது இந்த வழிகாட்டியிலேயே மிக இன்றியமையாத ஒரு வரி. ஓப்பன்டைப் எழுத்துருக்கள் தம் விதிகளை வரிவடிவ வாரியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. எந்த வரிவடிவம் என்று சொல்லாவிட்டால் தமிழுக்குரிய விதிகள் இயங்காமல், கொம்பு இடம் மாறாமலும், உயிர்க்குறிகள் எழுத்தோடு சரியாகப் பொருந்தாமலும் அச்சாகும். எழுத்துரு பழுதானது என்று பலர் எண்ணிக்கொள்வது பெரும்பாலும் இந்த ஒரு விடுபாட்டைத்தான்.

எழுத்துருவைத் தெரிந்தெடுப்பதில் நூலின் இயல்பைப் பாருங்கள். தொடர்ந்து படிக்கவேண்டிய உரைநடைக்கு நோட்டோ செரிஃப் தமிழ், டைரோ தமிழ் போன்ற தடிமன் வேறுபாடுள்ள எழுத்துருக்கள் கண்ணுக்கு இதமானவை. அட்டவணைக்கும் தலைப்புக்கும் முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டுமரன் போன்ற சீரான கோட்டுத் தடிமன் கொண்டவை பொருந்தும். இவை அனைத்தும் கட்டணமின்றிக் கிடைப்பவை, நூலில் பதித்து வெளியிடவும் உரிமம் தருபவை. விண்டோஸுடன் வரும் லதா, நிர்மலா ஆகியவற்றைக் கொண்டும் அமைக்கலாம்; ஆனால் அதே நூலை வேறு இயங்குதளத்தில் தொகுக்க நேர்ந்தால் அவை அங்கே இருக்கமாட்டா. ஆகவே, எழுத்துருக் கோப்புகளை நூலின் கோப்புறையிலேயே ஓர் உட்கோப்புறையில் வைத்து, ‘பாத்’ என்ற விருப்பத்தில் அவ்விடத்தைக் குறித்து, எழுத்துருவின் பெயரால் அழைக்காமல் கோப்பின் பெயரால் அழைப்பதையே பரிந்துரைக்கிறேன். பத்தாண்டுகள் கழித்து மறுபதிப்பு வரும்போதும் அதே வடிவம் கிடைக்கும் என்பதற்கு அதுவே உறுதி.

கூகுள் எழுத்துருத் தளத்திலிருந்து பதிவிறக்கும்போது ஒரு செய்தியில் கவனம் தேவை. அங்கே கிடைக்கும் சுருக்கக் கோப்பில், எல்லாத் தடிமன்களையும் ஒரே கோப்பில் அடக்கிய மாறுபடு எழுத்துரு முதலில் கண்ணில் படும். ஸீடெக் உருவாக்கும் பிடிஎஃப்பில் அது சரியாகப் பதிவதில்லை. தடித்த எழுத்தைக் கேட்டாலும் மெல்லியதே வரக்கூடும். ‘ஸ்டாட்டிக்’ என்ற உட்கோப்புறையில் உள்ள தனித்தனிக் கோப்புகளை எடுத்து, இயல்பானதை ‘அப்ரைட்ஃபான்ட்’ என்றும், தடித்ததை ‘போல்ட்ஃபான்ட்’ என்றும் அறிவியுங்கள். தடித்த வடிவமே இல்லாத எழுத்துருக்களுக்குச் செயற்கையாகத் தடிமன் கூட்டும் விருப்பம் ஃபான்ட்ஸ்பெக்கில் உண்டு. ஆனால் ணகரம், றகரம் போன்றவற்றின் உள்வெளிகள் மையால் அடைபட்டதுபோல் ஆகிவிடும் என்பதால் நூலின் உட்பக்கங்களில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சாய்வெழுத்தும் அவ்வாறே. தமிழ் அச்சு மரபில் அதற்கென ஓர் இடம் உருவாகவில்லை; நூற்பெயர்களை ஒற்றை மேற்கோள் குறிக்குள் இடுவதே படிப்பவருக்குப் பழகிய முறை.

அடுத்து மொழியை அறிவிக்க வேண்டும். ஸீலேடெக்கில் ‘பாலிகிளாசியா’ தொகுப்பை அழைத்து, தமிழை முதன்மை மொழியாகவும் ஆங்கிலத்தைப் பிற மொழியாகவும் குறிப்பிட்டால், படம், அட்டவணை, பொருளடக்கம் முதலிய தலைப்புச் சொற்கள் தாமாகவே தமிழில் அமையும். அச்சொற்கள் உங்கள் பதிப்பகத்தின் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் ‘கேப்ஷன்ஸ்தமிழ்’ என்ற கட்டளையுடன் உங்கள் சொற்களைச் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலத்துக்குத் தனி எழுத்துருவைக் கட்டாயம் கொடுங்கள். தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றில் ஆங்கில எழுத்துகளே இருக்கமாட்டா, சிலவற்றில் பெயரளவுக்கு இருக்கும். நோட்டோ வரிசையிலேகூட இது பதிப்புக்குப் பதிப்பு வேறுபட்டிருக்கிறது. ஆங்கிலத் தொடர்களைத் ‘டெக்ஸ்ட்இங்கிலிஷ்’ கட்டளைக்குள் இட்டால் எழுத்துருவும் சொல்முறிவு விதியும் சேர்ந்து மாறும்.

லுவாலேடெக்கில் இந்த உழைப்பும் தேவையில்லை. அங்கே ‘பேபல்’ தொகுப்பின் ‘பேபல்ப்ரொவைட்’ கட்டளையில் ‘ஆன்கார்’ என்ற விருப்பத்தைக் கொடுத்து, ‘பேபல்ஃபான்ட்’ கட்டளையால் ஒவ்வொரு மொழிக்கும் எழுத்துருவைக் குறித்துவிட்டால், உரையில் தமிழெழுத்து வந்தவுடன் தமிழ் எழுத்துருவும் அதற்குரிய விதிகளும் தாமாகவே நடைமுறைக்கு வரும். இருமொழி அகராதி, ஒப்பீட்டு ஆய்வேடு போன்றவற்றுக்கு லுவாலேடெக்கை நான் பரிந்துரைப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இரு மொழி எழுத்துகளின் அளவும் ஒத்துப்போக வேண்டும். ஆங்கிலச் சிற்றெழுத்தின் உயரத்துக்கு ஏற்ப அளவைத் தானே பொருத்தும் விருப்பம் ஃபான்ட்ஸ்பெக்கில் இருந்தாலும், தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற பாகுபாடு இல்லாததால் அது இங்கே பொருளற்றது. ‘ஸ்கேல்’ விருப்பத்தில் 0.9 என்பது போன்ற எண்ணைக் கொடுத்து, ஒரு பக்கத்தை அச்சிட்டுக் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். வரி இடைவெளியையும் கூட்ட வேண்டும். லேடெக்கின் 11 புள்ளி அளவில் வரிக்கு வரி 13.6 புள்ளி இடைவெளி அமைந்திருக்கிறது. ‘லைன்ஸ்ப்ரெட்’ மதிப்பை 1.2 என்று வைத்தால் அது ஏறத்தாழ 16 புள்ளியாகும். மேல்விலங்கும் கீழிறங்கும் சுழிகளும் உள்ள எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க இந்த அளவு வேண்டும்.

இனி உரையின் தூய்மை. பாமினி, வானவில் முதலிய பழைய குறிமுறைகளில் தட்டச்சான உரை, எளிய உரைத்தொகுப்பானில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். அதை ஒருங்குறிக்கு மாற்றாமல் எந்த எழுத்துருவாலும் பயனில்லை. மாற்றிய பிறகும் பணி முடிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத பிழைகள் அதில் எஞ்சியிருக்கும். ‘ஆசிரியர்’ என்ற சொல்லில் ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்கால் இடப்பட்டு, ‘ஆசிாியா்’ என்று பதிவாகியிருப்பதை எண்ணற்ற கோப்புகளில் காணலாம். ‘கௌரவம்’ என்பதில் ஔகார உயிர்க்குறி இல்லாமல், ஒற்றைக்கொம்புடன் கூடிய ககரமும் அதையடுத்து ளகரமும் இருக்கும். ‘ஔவை’ என்பதும் ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து கிடக்கும். பல எழுத்துருக்களில் இவ்விணைகளுக்கிடையே வேறுபாடே தெரியாது. ஆனால் தேடினால் சொல் அகப்படாது, அகரவரிசை குலையும், வரிமுறிவு தவறான இடத்தில் விழும். துணைக்காலை அடுத்துப் புள்ளியோ வேறொரு உயிர்க்குறியோ வரும் இடங்களையும், கொம்புள்ள மெய்யை அடுத்து ளகரம் வரும் இடங்களையும் தேடுமாறு ஒரு சிறு தேடல் விதி எழுதி, நூல் முழுவதையும் ஒருமுறை சரிபாருங்கள். பின்னதைத் தானியங்கியாக மாற்றிவிடக் கூடாது. ‘பெளர்ணமி’ பிழையென்றாலும் ‘தெளிவு’ பிழையன்று.

ஒகர உயிர்க்குறியையே கொம்பு, கால் என இரண்டு குறிகளாகப் பதித்திருக்கும் உரையும் உண்டு. ஒருங்குறி விதிப்படி இவை ஒற்றைக் குறிக்கு நிகரானவை; ‘ஸீடெக்இன்புட்நார்மலைசேஷன்’ என்ற அளவுருவின் மதிப்பை 1 என்று வைத்தால் ஸீடெக் படிக்கும்போதே அவற்றை ஒன்றாக்கிக்கொள்ளும். மேலே சொன்ன ரகர, ளகரப் பிழைகளை இது திருத்தாது. அவை ஒருங்குறியின் கண்ணில் வெவ்வேறு சொற்களே. க்ஷகரத்தைக் கூட்டெழுத்தாக அன்றிப் பிரித்துக் காட்ட விரும்பினால், புள்ளிக்கும் ஷகரத்துக்கும் நடுவே இணைப்பைத் தடுக்கும் அகலமற்ற குறியை இட்டு ‘ரிக்‌ஷா’ என்று எழுதலாம்.

எழுத்துருவில் இல்லாத எழுத்து உரையில் வந்தால் டெக் அதை ஓசையின்றி விட்டுவிடுவது பழைய பழக்கம்; பதிவுக் கோப்பில் மட்டும் ஒரு வரி இருக்கும். ‘ட்ரேசிங்லாஸ்ட்கார்ஸ்’ என்ற அளவுருவுக்கு 3 என்ற மதிப்பைக் கொடுத்தால், 2021 முதல் வரும் டெக்லைவ் அதைப் பிழையாகவே கருதி நின்றுவிடும். ஒரு மேற்கோள் குறியோ நீள்கோடோ காணாமல் நூல் அச்சேறுவதைவிடத் தொகுக்கும் வேலை நின்றுபோவது மேல்.

வரிமுறிவே தமிழ் அச்சுக்கோப்பின் கடினமான பகுதி. ‘எழுதிக்கொண்டிருக்கவில்லையென்று’ போன்ற நீண்ட சொற்கள் இயல்பாக வரும் மொழியில், சொல்லை முறிக்காமல் இரு பக்கமும் சமமாக வரிகளை நிறுத்தினால் சொற்களுக்கிடையே பெரும் வெளிகள் தோன்றும் அல்லது வரி ஓரத்தைத் தாண்டி நீளும். டெக்லைவில் உள்ள தமிழுக்கான சொல்முறிவு விதிகளைச் சந்தோஷ் தோட்டிங்கல் உருவாக்கினார். புள்ளி வைத்த மெய் வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது என்ற நம் அச்சகங்களின் நெடுநாள் மரபை அவை காக்கின்றன. மொழியை முறையாக அறிவித்திருந்தால் இவை தாமாகவே இயங்கும். ஒன்றை மட்டும் நீங்கள் சரிசெய்ய வேண்டும்: முறிவுக்கு முன்னும் பின்னும் குறைந்தது எத்தனை எழுத்துகள் இருக்க வேண்டும் என்பதை டெக் ஒருங்குறி உருப்படிகளாக எண்ணுகிறது, ‘மு’ என்பது நமக்கு ஓரெழுத்து, டெக்குக்கு இரண்டு. ஆகவே ‘லெஃப்ட்ஹைஃபன்மின்’, ‘ரைட்ஹைஃபன்மின்’ இரண்டையும் 3 அல்லது 4 என்று உயர்த்தினால், வரியின் முதலில் ஓரெழுத்து தனித்து நிற்பது பெரிதும் குறையும்.

முறிந்த இடத்தில் சிறுகோடு இடுவதா என்பது அடுத்த கேள்வி. நம் நாளிதழ்களும் நூல்களும் பெரும்பாலும் கோடின்றியே சொல்லை முறித்து வந்துள்ளன. அம்முறையே உங்களுக்கும் வேண்டுமெனில், ஃபான்ட்ஸ்பெக்கின் ‘ஹைஃபன்கார்’ விருப்பத்தில் முன்னே சொன்ன அகலமற்ற குறியின் எண்ணான 200சி என்பதைக் கொடுக்கலாம். எழுத்துருவில் அக்குறி இருந்தால் சொல் முறியும், கோடு தெரியாது. அதே விருப்பத்தில் ‘நன்’ என்று கொடுத்தால் கோடு மட்டுமன்றி முறிவே நின்றுபோகும் என்பதை மறக்க வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் அடங்காத பத்திகளுக்கு சொல்லிடைவெளியைக் கூடுதலாக நீட்ட இடந்தரும் ‘எமர்ஜென்சிஸ்ட்ரெட்ச்’ அளவை 2 அல்லது 3 ‘எம்’ (எழுத்தின் அளவை ஒட்டிய நீள அலகு) என்று வையுங்கள். அகலம் குறைந்த பத்திகளில் வலப்புறத்தைச் சீராக்காமல் விட்டுவிடுவதே அழகு.

கல்வெட்டு, ஓலைச்சுவடி, பழங்கணக்கு ஆகியவற்றைப் பதிப்பிப்பவர்களுக்கு இன்றைய ஒருங்குறி பெரும் வாய்ப்பு. நாள், மாதம், ஆண்டு, ரூபாய் ஆகியவற்றுக்கான ௳, ௴, ௵, ௹ போன்ற குறிகள் தமிழுக்குரிய முதன்மைப் பகுதியிலேயே உள்ளன. முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களும் அளவைக் குறிகளும் 2019இல் வெளிவந்த ஒருங்குறி 12ஆம் பதிப்பில் தமிழ்த் துணைப்பகுதியாகச் சேர்ந்தன. மணிப்பிரவாள உரைகளுக்குத் தேவைப்படும் கிரந்த வரிவடிவம் 2014இன் 7ஆம் பதிப்பில் இடம்பெற்றது. வழக்கமான தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் இவை இல்லாததால், நோட்டோ வரிசையில் இவற்றுக்கென உள்ள தனி எழுத்துருக்களை ‘நியூஃபான்ட்ஃபேமிலி’ கட்டளையால் அறிவித்து, தேவைப்படும் இடத்தில் மட்டும் அழைத்துக்கொள்ளுங்கள். குறிகளைப் படமாக ஒட்டும் பழக்கத்தை இனி கைவிடலாம். படத்தில் தேட முடியாது.

சொல்லடைவும் நூற்பட்டியலும் தமிழ் அகரவரிசையில் அமைய வேண்டும். ஒருங்குறி எண்களின் வரிசையிலேயே அடுக்கினால், ஜகரம் சகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வந்துவிடும். லகரத்தை அடுத்து வகரமும், அதன்பின் ழகரம், ளகரம், றகரம், னகரம் என்ற ஒழுங்கும், இறுதியில் கிரந்த எழுத்துகளும் வருவதே நம் அகராதிகளின் வரிசை. பைப்லேடெக்குடன் இயங்கும் ‘பைபர்’ நிரலில் வரிசைக்கான மொழியைத் தமிழ் என்று குறித்தால் நூற்பட்டியல் இவ்வொழுங்கில் அமையும். சொல்லடைவுக்குப் பயன்படும் பழைய ‘மேக்இண்டெக்ஸ்’ நிரலுக்கு இவ்வறிவு இல்லை. ஒவ்வொரு பதிவிலும் அடுக்குவதற்கான திறவுச்சொல்லைத் தனியே கொடுக்கும் வசதி அதில் இருப்பதால், ஒரு சிறு நிரலைக் கொண்டு அத்திறவுச்சொற்களை உருவாக்கிக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

முடிவாக, பிடிஎஃப் கோப்பைச் சோதியுங்கள். தாளில் கொம்பு முதலில் நிற்பதால், பிடிஎஃப்பிலிருந்து நகலெடுக்கும்போதும் அது முதலில் வந்து சொல் சிதையக்கூடும். அப்படிச் சிதைந்தால் தேடுபொறிக்கும், திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்ற வாசகருக்கும் உங்கள் நூல் எட்டாது. ஸீலேடெக்கில் ‘ஸீடெக்ஜெனரேட்ஆக்சுவல்டெக்ஸ்ட்’ என்ற அளவுருவுக்கு 1 என்று கொடுத்தால், வடிவங்களுக்குப் பின்னால் மூல உரையும் பொதியப்படும். ஹார்ஃப்பஸ் வழியே இயங்கும் லுவாலேடெக் தேவையான இடங்களில் இதைத் தானே செய்கிறது. ‘கொ’, ‘கோ’, ‘கௌ’, ‘கை’ ஆகியவை அடங்கிய ஒரு பத்தியை நகலெடுத்து, எளிய உரைத்தொகுப்பானில் ஒட்டி, மூலத்துடன் ஒப்பிடுங்கள். அச்சகத்துக்கு அனுப்பும் முன் ‘பிடிஎஃப்ஃபான்ட்ஸ்’ என்ற நிரலை அக்கோப்பின் மீது இயக்கி, பட்டியலில் உள்ள ஒவ்வொரு எழுத்துருவுக்கும் நேராகப் பதிக்கப்பட்டது என்ற பத்தியில் ‘ஆம்’ என்று இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.